அக்காவின் கிளினிக் நாளும் ஒரு கோடி ரூபாய்க் காரும்

2025 செப்டெம்பரில் மூன்று கிழமை இலங்கையில் எங்கள் ஊரில் நின்றேன். வழக்கமாகக் கோயில், சொந்தக்காரர் வீடு, சாப்பாடு என்று நாள் ஓடிவிடும். இந்த முறை அக்காவுக்குக் கண் கிளினிக் இருந்தது. அதனால் பஸ், ஓட்டோ, பெற்றோல் செட், பிரதேச செயலகம் என்று அலைந்த நாட்களே அதிகம். லண்டனில் இருந்து வந்து போகிற எங்களுக்குப் பெரும்பாலும் வாடகை வான்தான் பழக்கம். அதை விட்டுவிட்டு அக்கா போகிற மாதிரியே போய்ப் பார்த்ததால் எழுத நிறைய இருக்கிறது.

அக்கா வீடு வடமராட்சியில், நெல்லியடிக்குக் கிட்ட. கிளினிக் யாழ்ப்பாணத்தில். விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டு 750ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினோம். காலைப் பஸ்ஸில் ஒரு குறையும் இல்லை. கொண்டக்டர் அக்காவைக் கண்டதும் "அம்மா, முன்னுக்கு வாங்கோ" என்று ஒரு பொடியனை எழுப்பி இடம் எடுத்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரியிலும் ஒழுங்கு. நம்பர் துண்டு, வரிசை, கண்ணுக்கு மருந்து விட்டு இரண்டு மணி நேரம் காத்திருப்பு, பிறகு டொக்டர். ஒரு சதம் வாங்கவில்லை. மருந்தும் அங்கேயே தந்தார்கள்.

சிக்கல் பின்னேரம்தான். கிளினிக் முடிந்து கொக்குவிலில் சித்தியைப் பார்த்துக் கதைத்துவிட்டு பஸ் ஸ்ராண்டுக்கு வர ஏழரை ஆகிவிட்டது. எங்கள் பக்கம் போகிற கடைசி பஸ் போய்விட்டது. அக்காவுக்குக் கண்ணில் மருந்து விட்டதால் வெளிச்சம் பட்டால் கூசுகிறது. ஒரு ஓட்டோக்காரரிடம் கேட்டேன். 3,500 ரூபாய் சொன்னார்.

அக்கா காலையில் நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸுக்குக் கொடுத்த காசை நினைத்துத் திகைத்துப் போனாள். "தம்பி, கொஞ்சம் குறையுங்கோவன்" என்றாள்.

"அம்மா, அவ்வளவு தூரம் போய் வெறுமையாய்த் திரும்ப வேணும். பெற்றோல் 300 ரூபாய். இந்த ஓட்டோ 2019இல எடுத்தது. இதுக்கு ஏதும் நடந்தா இன்னொண்டு எடுக்க என்னால ஏலாது."

அவரைப் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வழி முழுக்க அவர் சொன்ன கணக்கு நியாயமானதாகவே இருந்தது. பழைய ஓட்டோ வாங்கின விலையைவிடக் கூடிய விலைக்குப் போகிறது, ஆனால் விற்றால் புதிதாக எடுக்க வழியில்லை. அதனால் என்ஜினைப் பிரித்துப் பிரித்துச் செய்து ஓட்டுகிறார்.

அடுத்த நாள் அத்தான் கார்க் கதையைத் தொடங்கினார். ஒரு சின்னக் கார் இருந்தால் இந்தக் கரைச்சல் இல்லை என்றார். அவருடைய ஆறுதலுக்காக நகரத்தில் ஒரு விற்பனை இடத்துக்குப் போனோம். ஏழெட்டு வருடம் ஓடிய, 660 சிசி ஜப்பான் கார் ஒன்றுக்கு 60 லட்சத்துக்கு மேல் கேட்டார்கள். கொஞ்சம் பெரிய புதுக் கார் என்றால் ஒரு கோடிக்கு மேல். அத்தான் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஒன்றும் பேசாமல் வெளியே வந்து நின்றார்.

இந்த விலை எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். ஐந்து வருடம் புதிதாக அநேகமாக எதுவும் வராததால் உள்ளதெல்லாம் தங்க விலையானது. திறந்த பிறகும், 2025இல் ஒரு காருக்குச் சுங்க வரி, அந்த வரியின் மேல் 50 சதவீத மேலதிக வரி, என்ஜினின் கொள்ளளவைப் பார்த்து உற்பத்தி வரி, விலை கூடிய வாகனம் என்றால் சொகுசு வரி, வரிகளும் சேர்ந்த தொகைக்கு 18 சதவீத வற் (பெறுமதி சேர்) வரி. வரிக்கு மேல் வரி. சிசியைப் பார்த்து வரி போடுவதால்தான் எங்கள் ரோட்டில் சின்ன என்ஜின் கார்கள் இவ்வளவு. ஒரு காலத்தில் ஹைபிரிட்டுக்கு வரியைக் குறைத்தபோது ஹைபிரிட்டாக வந்து குவிந்தது. வரி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் சனம் சாயும். ஆகவே வரியால் வாகனப் பாவனையைக் கட்டுப்படுத்த முடியாது என்று யாரும் சொன்னால் நம்பமாட்டேன். இலங்கையில் அது நன்றாகவே வேலை செய்கிறது.

ஆனால் எதற்காக? 2020இல் நிறுத்தியது டொலரைக் காக்க. இப்போது இவ்வளவு வரி போடுவது, 2023இல் சர்வதேச நாணய நிதியத்துடன் செய்த ஒப்பந்தப்படி அரசாங்கத்துக்கு வருமானம் காட்ட. இரண்டும் தேவைதான். 2022 ஏப்ரலில் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த நாடு இது. ஆனால் கார் வாங்க முடியாத அக்கா எதில் போவாள் என்ற கேள்வி அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை.

பெற்றோல் விலையும் அப்படித்தான். 2022 ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது. கியூஆர் அட்டை, கிழமைக் கோட்டா என்று அளந்து கொடுத்தார்கள். அந்த நாட்களில் இரண்டு இரவு வரிசையில் படுத்ததை அத்தான் இப்போதும் சொல்வார். 2023 செப்டெம்பரோடு கோட்டா போய்விட்டது. நான் நின்ற நாட்களில், மாதக் கடைசி இரவு விலை மாறும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. நான் போன செட்டில் வரிசை இல்லை. கணக்கான அளவு, பில்லும் தந்தார்கள். மண்ணெண்ணெயை மட்டும் சொல்லாமல் விட முடியாது. 2022 ஓகஸ்டில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே இரவில் ஏற்றினார்கள். பருத்தித்துறையில் எங்கள் சொந்தக்காரப் பொடியன் ஒருவன் படகை மாதக் கணக்கில் கரையில் ஏற்றி வைத்திருந்தான். அவன் கார் வைத்திருப்பவன் இல்லை, கடலுக்குப் போகிறவன்.

மண்ணெண்ணெய் என்றதும் வேறு ஒரு காலம் ஞாபகம் வருகிறது. தொண்ணூறுகளில், யுத்தகாலத்தில் அரசாங்கம் வடக்குக்குப் போட்ட பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் கண்ணில் காட்டக் கிடைக்காது. அயலில் ஒரு பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார் இருந்தது. காபுரேற்றருக்குள் கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ரோடு முழுக்க வெள்ளைப் புகை. அக்காவின் மூத்த மகன் பிறந்த இரவு அந்தக் காரில்தான் மந்திகை ஆஸ்பத்திரிக்குப் போனோம். மற்ற எல்லாவற்றுக்கும் சைக்கிள். அப்போது வாகனம் ஓடாமல் செய்தது யுத்தம், இப்போது விலை. ஆனால் இரவில் நோயாளியோடு நிற்கிற ஆளுக்கு இரண்டும் ஒரே தவிப்புத்தான்.

பிரதேச செயலகத்துக்குப் போனது மருமகனின் மோட்டார் சைக்கிளுக்கு வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க, அதாவது வாகனத்தை ரோட்டில் ஓட்ட வருடாவருடம் எடுக்கிற லைசன்ஸ். காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கொண்டு போனோம். அரை மணி நேரத்துக்குள் முடிந்தது. மரியாதையாகக் கதைத்தார்கள். உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். அங்கே என் மனதில் பட்டது ஒன்று: வருடாவருடம் கட்டுவது சின்னத் தொகை. வாங்கும்போது லட்சக்கணக்கில் வரி, வாங்கிய பிறகு நெரிசல் நேரத்தில் நகரத்துக்குள் தனி ஆளாக ஓட்டினாலும் பெற்றோல் காசு தவிர வேறில்லை. அதனால் வசதி உள்ளவர் எப்படியும் வாங்கி நன்றாக ஓட்டுவார். இல்லாதவர் மோட்டார் சைக்கிளில் மனைவியையும் பிள்ளையையும் ஏற்றுவார். ரியூஷன் முடியும் நேரம் நெல்லியடிச் சந்தியில் நின்று பாருங்கள், நெஞ்சு பதறும்.

லண்டனில் நானும் வரி கட்டுகிறேன். 2003இல் நகர மத்திக்குள் காரில் போக நெரிசல் கட்டணத்தை 5 பவுணில் தொடங்கினார்கள். 2025இல் அது 15 ஆக இருந்தது. 2023இல், கூடப் புகை விடுகிற பழைய வாகனங்களுக்கான புகைக் கட்டணம் லண்டன் முழுவதற்கும் வந்தபோது நாளுக்கு 12.50 பவுண் கட்ட முடியாமல் என் பழைய டீசல் வானை விற்றேன். கோபம் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த நெரிசல் கட்டணம் சட்டப்படி போக்குவரத்துக்கே போகிறது. என் தெருவில் இரவு பன்னிரண்டுக்கும் பஸ் இருக்கிறது. 2025இல் 1.75 பவுணுக்கு ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ்ஸும் மாற முடிந்தது. வான் இல்லாமல் இரண்டு வருடம் சமாளித்தது அதனால்தான்.

ஊரிலும் கார் வரியைக் குறைக்கச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தின் ஒடுங்கிய ரோடுகள் இன்னும் நூறு காரைத் தாங்காது. ஒரு காரில் எடுக்கிற வரியில் சின்னப் பங்கு போதும், பருத்தித்துறைக்கும் காரைநகருக்கும் இரவு பத்து மணி வரை மணிக்கு ஒரு பஸ் விட. சனம் ஏறாது, நட்டம் என்பார்கள். ஏழரை மணிக்கு அந்த ஸ்ராண்டில் எங்களோடு குறைந்தது இருபது பேர் நின்றார்கள். கடையில் வேலை முடிந்த பெண் பிள்ளைகள், ஆஸ்பத்திரிப் பையோடு ஒரு கிழவர். எல்லோரும் யாரோ வந்து ஏற்றுவதற்காகப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளிக்கிடும்போது அக்காவின் கையில் ஓட்டோவுக்கென்று கொஞ்சக் காசு வைத்தேன். அடுத்த கிளினிக் டிசம்பரில். அதற்கும் ஐந்தரை பஸ்ஸிலேயே போவாளாம். சித்தியை இன்னொரு நாள் பார்க்கலாம், கிளினிக் முடிந்த கையோடு திரும்பிவிடுவேன் என்றாள்.