கமடோர் 64-க்கு புது பவர் சப்ளை வாங்குபவர்கள் கவனத்துக்கு

போன மாதம் ஒரு ரோல் கறுப்பு வெள்ளை ஃபிலிம் கெட்டுப்போனது. அப்பாவின் கேமராவில் எடுத்தது. எட்டு நிமிடம் டெவலப்பரில் இருக்க வேண்டிய ஃபிலிம் ஏழே நிமிடத்தில் வெளியே வந்து, நெகட்டிவ் வெளிறிப் போயிருந்தது. "நல்லா டெஸ்ட் பண்ணது" என்று சொல்லி எனக்கு விற்ற பவர் சப்ளைதான் காரணம்.

ஃபிலிம் கழுவ, 1980களின் வீட்டுக் கம்ப்யூட்டரான என் கமடோர் 64-ஐத்தான் டைமராக வைத்திருக்கிறேன். அதன் பேசிக் மொழியில் இருக்கும் நேரக் கணக்கு, கேசட் டேப் ஓடும்போது தடுமாறும். அதனால் சிஐஏ 6526 என்ற துணைச் சிப்புக்குள் இருக்கும் கடிகாரத்தைப் பயன்படுத்தினேன். நொடியில் பத்தில் ஒரு பங்குவரை காட்டும், அருமையான கடிகாரம். ஆனால் நேரம் காட்ட அதற்கென்று தனி கிரிஸ்டல் கிடையாது. பவர் சப்ளையிலிருந்து வரும் 9 வோல்ட் ஏசி மின்சாரத்தின் அலைகளை எண்ணித்தான் அது ஓடுகிறது. கம்ப்யூட்டரைப் போட்டதும் 60 ஹெர்ட்ஸ் கணக்கில் இருக்கும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 56334 என்ற மெமரி முகவரியில் 128-ஐச் சேர்க்காவிட்டால் ஒரு மணி நேரத்தை 50 நிமிடமாகக் காட்டும். அதையெல்லாம் ஆரம்பத்திலேயே சரி செய்துவிட்டேன்.

பழைய ஒரிஜினல் பவர் சப்ளையை பயந்துதான் ஒதுக்கினேன். அதில் 5 வோல்ட்டை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் பழுதானால் வோல்டேஜ் ஏறி மெமரி சிப்புகள் போய்விடும். உள்ளே எபாக்சி ஊற்றி மூடியிருப்பதால் பழுது பார்க்கவும் வழியில்லை. புதிதாக வாங்கியது கையில் எடுத்தால் ஒன்றுமே இல்லாதது போல அவ்வளவு லேசாக இருந்தது. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

கடிகாரம் வேகமாக ஓடுகிறது என்று விற்றவரிடம் சொன்னேன். "சிஐஏ போயிருக்கும் சார், என்கிட்ட ஒண்ணு இருக்கு" என்றார். அதற்கும் பணம் கொடுத்து, பழைய சிப்பின் நாற்பது கால்களையும் டீசால்டர் பண்ணி, சாக்கெட் வைத்து மாட்டினேன். ஒரு மாற்றமும் இல்லை.

அப்புறம்தான் கம்ப்யூட்டரில் இருக்கும் இன்னொரு சிஐஏவின் கடிகாரத்தையும் 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றி, படித்துப் பார்த்தேன். அதன் முகவரி 56584-இல் தொடங்குகிறது. அதுவும் அதே அளவு முந்தி ஓடியது. இரண்டு சிப்புக்கும் ஒரே ஏசி லைன்தான் போகிறது, அப்படியென்றால் சிப்பில் கோளாறு இல்லை. மல்டிமீட்டரை ஹெர்ட்ஸில் வைத்து 9 வோல்ட் முனைகளைத் தொட்டேன். 50-க்குப் பதில் 57 காட்டியது. பெட்டியைத் திறந்தால் டிரான்ஸ்ஃபார்மரே இல்லை. ஒரு சாதாரண அடாப்டர் போர்டு, பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஓர் ஆசிலேட்டர். அதுதான் 'ஏசி'யைத் தயாரித்துக்கொண்டிருந்தது.

கேட்டதற்கு, "கேம் எல்லாம் ஓடுதே சார், கடிகாரத்தை யார் பாக்குறாங்க?" என்றார். பணம் திரும்பி வரவில்லை. சிப்பின் பணமும்தான்.

வாங்கும் முன் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா என்று கேளுங்கள், திறந்த நிலையில் படம் கேளுங்கள். வந்ததும் கம்ப்யூட்டரில் மாட்டுவதற்கு முன் 5 வோல்ட்டோடு ஹெர்ட்ஸையும் அளந்துவிடுங்கள். கடிகாரம் தப்பாக ஓடினால், சால்டரிங் அயர்னை எடுப்பதற்கு முன் இரண்டு சிஐஏவையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது டிரான்ஸ்ஃபார்மர் வைத்த, கனமான ஒன்று கிடைத்திருக்கிறது. ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன், கைக்கடிகாரத்தோடு சில நொடிகள்தான் வித்தியாசம். இரண்டாவது ரோல் இன்னும் ஃபிரிட்ஜில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கழுவப் போகிறேன்.