புது டெஸ்க்டாப்பில் கிராஷ்: ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டிய பிறகு எழுதுவது

ஏஎம்டி ரைசன் 5 7600 ப்ராசசர், பி650 மதர்போர்டு, 16 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்5 6000 ரேம், 650 வாட் பவர் சப்ளை. சென்னை ரிச்சி தெருவில் பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிய மெஷின். இன்றைக்கு ஒரு தொந்தரவும் இல்லை. முதல் சில மாதங்கள் அப்படி இல்லை. அப்போது எது உதவியது, எது வீண் வேலை என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். டிடிஆர்5 மெஷினை முதல் தடவை ஆன் செய்தால் ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். அது கோளாறு அல்ல. ரேமுக்கு ஏற்ற அமைப்பை போர்டு தேடிக்கொண்டிருக்கிறது. மெமரி ட்ரெய்னிங் என்பார்கள். சில நிமிடங்கள்கூட ஆகலாம். பதறிப்போய் பவர் பட்டனை அழுத்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

சரி, கிராஷ். "அடிக்கடி கிராஷ் ஆகுது" என்று சொன்னால் யாராலும் உதவ முடியாது. என் மெஷினில் நடந்தவை இரண்டு வகை. சில சமயம் நீலத்திரை, அதாவது விண்டோஸ் பிழைக் குறியீட்டோடு காட்டும் நீலப் பக்கம், வந்து நிற்கும். சில சமயம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் சட்டென்று அணைந்து ரீஸ்டார்ட் ஆகும். இரண்டையும் ஒரே நோயாக நினைத்து மருந்து தேடினால் எதுவும் பிடிபடாது.

பிரித்துப் பார்க்க விண்டோஸிலேயே வழி இருக்கிறது. நடந்ததையெல்லாம் விண்டோஸ் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு இருக்கும். அதைப் பார்த்ததும் பவர் சப்ளை போச்சு என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். மெஷின் ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்பதைத் தவிர அந்தப் பதிவு வேறு எதுவும் சொல்லவில்லை. அதன் விவரப் பகுதியில் உள்ள பக்செக் கோடு என்ற எண்தான் முக்கியம். அது 0 என்றால் பெரும்பாலும் விண்டோஸுக்கு நீலத்திரை காட்டக்கூட நேரம் கிடைக்கவில்லை, மின்சாரத்தைச் சந்தேகிக்கலாம். வேறு எண் இருந்தால் நீலத்திரை வகை. நீலத்திரைக் குறியீடுகளை ஹெக்ஸா (16 அடிமான) எண்ணாகத்தான் எங்கும் எழுதுவார்கள், இங்கே சாதாரண எண்ணாக இருக்கும். 26 என்றால் மெமரி மேனேஜ்மென்ட், 80 என்றால் பேஜ் ஃபால்ட், இரண்டும் மெமரி தொடர்பான பிழைகள்.

எனக்கு 0 விழுந்த நேரங்களைக் குறித்துவைத்ததில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. எல்லாமே கரண்ட் ஒரு கண்சிமிட்டு போய் வந்த நேரங்கள். மின்விசிறி வேகம்கூடக் குறையாது, மெஷின் மட்டும் விழுந்துவிடும். வீட்டில் இருப்பது சைன் வேவ் இன்வெர்ட்டர். பின்னால் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு, சாதாரண மோடு, யுபிஎஸ் மோடு என்று. கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாற சாதாரண மோடு கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் பவர் சப்ளை தன்னிடம் சேர்ந்திருக்கும் மிச்சத்தை வைத்துத் தாங்குவதோ 17 மில்லி நொடி அளவுதான், லோடு குறைவாக இருந்தால் இன்னும் கொஞ்சம். சுவிட்சை யுபிஎஸ் பக்கம் தள்ளியதும் இந்த வகை ரீஸ்டார்ட் நின்றுபோனது. அதற்குள் பவர் சப்ளையை மாற்றச் சொல்லி எத்தனை யோசனைகள் வந்தன!

நீலத்திரைதான் நிஜமான தலைவலி. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயர். கூடவே குரோமில் டேப்கள் தானாகச் சாகும், நல்ல ஜிப் ஃபைலைப் பிரித்தால் ஃபைல் கெட்டிருக்கிறது என்று சிஆர்சி எரர் வரும். இப்படிக் காரணமில்லாமல் பல இடத்தில் இடித்தால் ரேமைப் பார்க்க வேண்டும். ஒரே டிரைவர் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் கதை வேறு.

கடையில் சொன்னது: "விண்டோஸைத் திரும்பப் போட்டுப் பாருங்க சார்." ரேம் சந்தேகத்தில் இருக்கும்போது செய்யக்கூடாத காரியம் இது. பழுதான ரேம் வழியாகத்தான் புது விண்டோஸின் ஃபைல்களும் டிஸ்க்குக்குப் போகும். பேக்கப் எடுப்பதற்கும் இதேதான்.

ரேம் பெட்டியில் வேகம் 6000 என்று பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள். ஆனால் இந்த ப்ராசசருக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் 5200தான். பயாஸில் (போர்டின் செட்டிங்ஸ் பக்கம்) எக்ஸ்போ என்ற ரேம் அமைப்பை ஆன் செய்தால் கிடைக்கும் 6000 ஒரு ஓவர்கிளாக், அதாவது அதிகாரபூர்வ வேகத்தைத் தாண்டி ஓட்டுவது. இன்டெல் பக்கம் எக்ஸ்எம்பி என்பதும் அதுதான். வோல்டேஜும் 1.1-லிருந்து என் ரேம் கிட்டில் (ஜோடியாக விற்கும் செட்) 1.35 ஆக ஏறுகிறது. எக்ஸ்போவை ஆஃப் செய்து சில நாள் ஓட்டினேன், நீலத்திரை வரவே இல்லை. டிடிஆர்5-இல் பிழை திருத்தும் ஈசிசி உள்ளேயே இருக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். அது சிப்புக்குள் நடக்கும் பிழையை மட்டும் திருத்தும். சிப்பிலிருந்து ப்ராசசருக்குப் போகும் வழியில் நடப்பது அதற்குத் தெரியாது.

அப்புறம் எக்ஸ்போவை மறுபடி ஆன் செய்து ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் ஓட்டினேன். 6-ஆம் பதிப்போ அதற்குப் பிந்தையதோ வேண்டும். பழைய 5-ஆம் பதிப்பு யூஇஎஃப்ஐயில் (பழைய பயாஸுக்குப் பதிலாக இப்போதைய போர்டுகளில் இருப்பது) பூட் ஆகாது. ராத்திரி ஓட்டியபோது சுத்தமாகப் பாஸ். மே மாத மதியத்தில் சிவப்பு வரிகள். சூடு ஏற ஏற ரேமின் நிதானம் குறையும். கேம் ஆடும்போது கிராஃபிக்ஸ் கார்டின் சூடும் சேரும், மெம்டெஸ்ட்டில் அது கிடையாது. டிடிஆர்5 ரேம் குச்சிகளிலேயே வெப்ப சென்சார் இருக்கிறது, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் பார்க்கலாம். நம் ஊர் வெயிலுக்கு ஏசி அறையில், இரவில் மட்டும் டெஸ்ட் செய்து திருப்திப்படுவதில் அர்த்தமில்லை. பிழை ஒன்றே ஒன்று வந்தாலும் ஃபெயில்தான்.

பிறகு ஒரு குச்சியை மட்டும் போட்டு, அடுத்து மற்றதை அதே ஸ்லாட்டில் போட்டு ஓட்டியதில் ஒன்று மாட்டிக்கொண்டது. ஸ்லாட்டை மாற்றாமல் குச்சியை மட்டும் மாற்றுவது முக்கியம், இல்லாவிட்டால் குற்றவாளி ரேமா போர்டா என்று தெரியாது. வாரண்டியில் இரண்டையும் சேர்த்துத்தான் கேட்டார்கள், ஏனென்றால் கிட்டாக விற்ற பொருள். பில்லும் குச்சி மேல் இருந்த ஸ்டிக்கரும் இருந்ததால் வாக்குவாதம் இல்லை. வாரக்கணக்கில் காத்திருந்ததுதான் எரிச்சல். அதுவரை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிய ரேமை 4800-இல் ஓட்டினேன். என் வேலைக்கு வித்தியாசமே தெரியவில்லை, சத்தியமாக.

மாற்றி வந்த கிட் ஒரு முழுக் கோடையைத் தாண்டிவிட்டது. பயாஸ் அப்டேட் செய்தபோது எக்ஸ்போ தானாக ஆஃப் ஆகியிருந்தது. ஆன் செய்துவிட்டு மறுபடி ஒரு டெஸ்ட் ஓட்டினேன், பாஸ். அடுத்து 64 ஜிபி வேண்டும் என்று ஆசை. காலியாக இருக்கும் இரண்டு ஸ்லாட்டில் இன்னொரு ஜோடியைச் சொருகலாம்தான். ஆனால் நான்கு குச்சி போட்டால் இந்த ப்ராசசரின் அதிகாரபூர்வ வேகம் 3600 ஆக இறங்கிவிடுகிறது. அதனால் இருப்பதை விற்றுவிட்டு 32 ஜிபி வீதம் இரண்டு வாங்குவதாக இருக்கிறேன், ரேம் விலை இறங்கட்டும்.