மீட்டர் வழிகாட்டியும் டயர் சென்சாரும்: காரைக்குடிப் பக்கம் ஓட்டிப் பார்த்ததில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பைக் ஷோரூமில் பெருமையாகக் காட்டிய, மீட்டரிலேயே வழி சொல்லும் நேவிகேஷனைவிட, அப்புறம் ஆன்லைனில் வாங்கி வால்வில் திருகிய இரண்டு டயர் பிரஷர் சென்சார்கள்தான் எனக்கு உழைக்கின்றன. பைக் கம்பெனி எது என்பது இங்கே வேண்டாம், இப்போது வரும் பல பைக்குகளில் ஏறக்குறைய இதே அமைப்புதான். போனில் கம்பெனியின் ஆப், புளூடூத் இணைப்பு, மீட்டரில் ஒரு அம்புக்குறி, இன்னும் எத்தனை மீட்டரில் திரும்ப வேண்டும் என்று ஒரு எண். முழு மேப் வராது.

வேலை எல்லாம் போன் தலையில்தான். ஜிபிஎஸ், டேட்டா, பேட்டரி மூன்றும் அதனுடையது, மீட்டர் அது சொல்வதைக் காட்டுகிறது, அவ்வளவே. அதனால் சித்திரை வெயிலில் போன் கொதிக்கும், சார்ஜ் மளமளவென்று இறங்கும். நடுவழியில் அம்புக்குறி காணாமல் போகிறது என்று பலரும் புலம்புவது பெரும்பாலும் புளூடூத் கோளாறு இல்லை, ஆண்ட்ராய்டு பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னால் ஓடும் ஆப்பை நிறுத்திவிடுகிறது. அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, லொகேஷனை எப்போதும் அனுமதி என்று வைத்தால் பாதித் தொல்லை தீரும். போன் மாற்றினால் மீட்டரில் இருக்கும் பழைய இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள், இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தேடிக்கொண்டே இருக்கும்.

இந்தப் பக்கம் நேவிகேஷனுக்குச் சரியான பரீட்சை நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில் சுற்றுதான். அவற்றில் பிள்ளையார்பட்டிக்கும் வைரவன்பட்டிக்கும் யாருக்கும் வழி வேண்டாம். மாத்தூர் என்று அடித்துப் பாருங்கள், எந்தெந்த மாவட்டத்து மாத்தூரோ வரிசையில் வந்து நிற்கும். இந்தப் பக்கத்துக் கொத்தமங்கலத்துக்கு அடித்தால் கேரளாவுக்கே கூப்பிடும். ஆகவே கிளம்பும் முன்பே வீட்டில் உட்கார்ந்து, கோயில் பெயரோடு தேடிச் சேமித்துவிட்டால் சரியாகவே கூட்டிப்போகிறது, இளையாத்தங்குடிக்கும் இரணியூருக்கும் உள்ளே திரும்பும் இடங்களில் கூடத் தடுமாறவில்லை. சிக்னல் போனாலும் ஏற்கெனவே ஏற்றிய வழியில் ஓட்டம் தொடரும், பாதை மாறிவிட்டால்தான் புது வழி போடத் தெரியாமல் விழிக்கும்.

கானாடுகாத்தானில் வேறு சிக்கல். தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேர், அம்புக்குறியில் பிழையே இல்லை. ஆனால் வீடுகள் ஒரு தெருவில் முகப்பு வைத்து, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீண்டு அடுத்த தெருவில் முடிபவை. மேப் புள்ளி எந்தப் பக்கம் விழுந்திருக்கிறதோ அங்கே கொண்டுபோய் நிறுத்தும். என்னை அப்படித்தான் ஒரு வீட்டின் பின்வாசலில் நிறுத்தி வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றது. பாத்திரம் காயவைத்துக்கொண்டிருந்த ஆச்சி, "முகப்பு அந்தத் தெருவுல இருக்கு தம்பி, சுத்தி வாங்க" என்றார்கள். போனைத் தனியாக ஹாண்டிலில் மாட்டி மேப் பார்க்கிறவர்கள் ஒன்று கவனிக்கவும், பெரிய எஞ்சின் பைக்குகளின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று ஆப்பிளே 2021-ல் எச்சரித்திருக்கிறது. அதிர்வு தாங்கும் ஹோல்டர் இல்லாமல் மாட்டாதீர்கள்.

சரி, சென்சாருக்கு வருவோம். நான் போட்டிருப்பது வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் வகை. சீமைக்கருவேல முள் கிடக்கும் ஊரில் இதன் அருமை தெரியும். டியூப்லெஸ் டயரில் முள் ஏறினால் உடனே காற்று இறங்காது, முள்ளே அடைப்பாக நின்று கசிய விடும். தேவகோட்டை ரோட்டில் பின் டயர் அழுத்தம் 28 பிஎஸ்ஐ-யிலிருந்து 24-க்கு இறங்கியதை ஓட்டத்தில் நான் உணரவே இல்லை, சென்சார் கத்தியது, பஞ்சர் கடை வரை ஓட்டியே போய்ச் சேர்ந்தேன்.

ஆனால் மாட்டிவிட்டு மறந்துபோகிற சாமான் இல்லை இது. இந்த மூடி வால்வு ஊசியை எந்நேரமும் அழுத்திக்கொண்டே இருப்பதால் காற்றை உள்ளே பிடித்து வைத்திருப்பது அதற்குள் இருக்கும் சின்ன ரப்பர் வளையம் மட்டும்தான். இங்கத்திய செம்மண் தூசி அதில் சேர்ந்தால் சென்சாரே கசிவுக்குக் காரணமாகிவிடும். ஒவ்வொரு முறை காற்று அடிக்கும்போதும் வளையத்தைத் துடைத்து, சோப்புத் தண்ணீர் வைத்துக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். திருட்டுக்குப் பயந்து அடியில் ஒரு நட்டு பூட்டச் சொல்வார்கள், பஞ்சர் கடை அண்ணனுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. "காத்தடிக்கவும் ஸ்பானரா தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் கழற்றுவார். ரப்பர் வால்வு வெயிலில் வெடித்துப் பழசாக இருந்தால் சென்சார் எடையைத் தாங்கும் என்று நம்பி மாட்டாதீர்கள், உலோக வால்வு போட்டுவிடுங்கள்.

பேட்டரி இந்த வகையில் பெரும்பாலும் சிஆர் 1632, அதாவது 16 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். கடையில் 2032-ஐ எடுத்து நீட்டுவார்கள், அது உள்ளே போகாது. டயருக்குள்ளேயே வரும் கம்பெனி சென்சாரில் பேட்டரியை மாற்ற முடியாது, வழக்கமாக 5 முதல் 7 வருடம் ஓடும், அப்புறம் சென்சாரையே மாற்ற வேண்டியதுதான். டயர் கழற்றும்போது வால்வுக்குப் பக்கத்தில் சென்சார் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், லிவர் பட்டால் போச்சு. பஞ்சர் அடைக்கும் திரவம் ஊற்றினால் சென்சாரின் வாய் அடைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, மத்தியானத்தில் எண் ஏறிவிட்டதே என்று காற்றை இறக்காதீர்கள். டயர் வெப்பம் 10 டிகிரி கூடினால் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். காலையில் வண்டி எடுக்கும் முன் காட்டும் எண்தான் கணக்கு. அலாரம் அளவைக் கம்பெனி வைத்தபடி விடாமல் உங்கள் டயருக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மே மாதம் முழுக்கக் கத்தும்.

புல்லட் வைத்திருக்கும் மச்சான் இதைப் பார்த்துவிட்டுத் தனக்கும் வாங்கலாமா என்றார். அவருடையது ஸ்போக் வீல், டியூப் டயர். டியூபில் ஆணி ஏறினால் காற்று சடாரென்று போய்விடும், அலாரம் அடித்து என்ன பயன், அந்தப் பணத்துக்கு இரண்டு நல்ல டியூப் வாங்கிப் போடுங்கள் என்றேன்.