யானைமலை இடது கைப் பக்கம்

இந்தத் தடவை மதுரையில் மூன்று வாரம். அம்மாவை நானே காரில் அழைத்துப் போக வேண்டும் என்று டொரண்டோவிலிருந்து கிளம்பும்போதே சர்வதேச ஓட்டுநர் அனுமதியை வாங்கிக்கொண்டேன். வலப்பக்க ஸ்டியரிங் இரண்டே நாளில் பழகிவிட்டது. திசைதான் பழகவில்லை. சின்ன வயதிலிருந்தே எனக்குத் திசை பிடிபடாது. கடைக்குள் நுழைந்துவிட்டு வெளியே வந்தால் வந்த வழி எதுவென்று தெரியாது. டொரண்டோவில் தெருக்கள் கட்டம் கட்டமாக இருக்கும், தெற்கே ஏரி, எப்படியோ சமாளிக்கிறேன்.

வாடகைக்கு எடுத்த கார் நல்ல கார், ஆட்டோமேட்டிக். ஆனால் ஃபாஸ்டேகில் பணம் போடாமலே கொடுத்துவிட்டார்கள். மேலூர் சாலைச் சுங்கச்சாவடியில் ரொக்கமாக இரண்டு மடங்கு கட்ட வேண்டியதாயிற்று. சாவியை வாங்கும்போதே ஃபாஸ்டேகில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்தது போன். அண்ணன் மகனின் போனை வாங்கி மாட்டினேன். அவன் பைக்கில் போகிறவன், வழிகாட்டியையும் பைக்குக்கே வைத்திருந்தான். நான் கவனிக்கவில்லை. தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சந்துக்குள் அது என்னைத் திருப்பிவிட்டது, பாதியில் கார் அடைத்துக்கொண்டது. முன்னாலும் பின்னாலும் ஹாரன், கை நடுங்கியது. தையல் கடைக்காரர் ஒருவர் எழுந்து வந்து, இரண்டு பைக்குகளை ஒதுக்கி வைத்து, பின்னால் நின்று கை காட்டி ரிவர்ஸ் எடுக்க வைத்தார். ஸ்டேஷனுக்கு வழி கேட்டேன்.

"நேரா மேக்க போங்கக்கா, மேல வெளி வீதி வந்துரும்."

மேற்கு எது என்று எப்படித் தெரியும் என்றேன்.

"அதான் தெருப் பேர்லயே இருக்கேக்கா!"

பிறந்த ஊர்தான், ஆனால் இதை நான் யோசித்ததே இல்லை. மீனாட்சியம்மன் கோயிலை ஒட்டிச் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றும் நான்கு பக்கமும் ஓடுகிறது. போர்டில் 'கீழ' என்று இருந்தால் நான் கோயிலுக்குக் கிழக்கே இருக்கிறேன், 'மேல' என்றால் மேற்கே. சித்திரை வீதிக்குள் வண்டி விடமாட்டார்கள். மற்ற தெருக்களில் போன் சொல்லும் இடம் வலத்தைவிட இந்தப் பெயர்கள் எனக்கு எவ்வளவோ உதவின.

ஊருக்கு வெளியே மலைகள். வீட்டு மொட்டைமாடியில் நிறுத்தி அம்மா ஒவ்வொன்றாகக் காட்டினாள். வடகிழக்கே படுத்திருக்கும் யானைமலை, மேற்கே நாகமலை, தென்மேற்கே திருப்பரங்குன்றம், வடக்கே அழகர்மலை. வண்டியே ஓட்டத் தெரியாதவளுக்கு இத்தனையும் அத்துப்படி. நெடுஞ்சாலைக்கு மைல்கல் போதும்: தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. கிளைச் சாலையில் தவறித் திரும்பிவிட்டால் அடுத்த கல்லிலேயே தெரிந்துவிடும்.

ராமேஸ்வரத்துக்கு மட்டும் ஆக்டிங் டிரைவர் வைத்துக்கொண்டேன். இரவில் மலையும் தெரியாது, போர்டும் தெரியாது. சொன்ன நேரத்துக்கு வந்தார், நிதானமாக ஓட்டினார். திசை தெரியாதவர்கள் இதற்குத் தயங்கவே வேண்டாம்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அழகர்கோவில் போனோம். திரும்பும்போது போனை அணைத்து அம்மாவின் கையில் கொடுத்தேன்.

"யானைமலை இடது கைப் பக்கம் வரணும்டி" என்றாள்.

கொஞ்ச தூரத்தில் வந்தது.