எஃப்28335 டைமர் பின்கள்: நீண்ட காலம் பயன்படுத்திய பின்

சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் எங்கள் பட்டறையில் மோட்டார் டிரைவ்களைச் சோதிக்கும் மேசைகள் எல்லாமே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எஃப்28335 டிஎஸ்பியில்தான் (சிக்னல்களை வேகமாகக் கணக்கிடும் கட்டுப்பாட்டுச் சிப்) ஓடுகின்றன. புதுசு புதுசாக எத்தனையோ சிப் வந்துவிட்டது. இருந்தும் இதை நான் விடாததற்குக் காரணம் 150 மெகாஹெர்ட்ஸ் வேகம் அல்ல, டைமர் பின்கள், அதாவது நேரத்தை அளக்கவும் நேரம் பார்த்து சிக்னல் கொடுக்கவும் உதவும் சிப்பின் கால்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கேப்சர், சிக்னல் மாறும் நேரத்தைப் பதிவு செய்யும் தொகுதி. மொத்தம் ஆறு உண்டு. சிக்னல் ஏறும் அல்லது இறங்கும் கணத்தில் 32 பிட் கவுன்ட்டரின் மதிப்பை ஹார்டுவேரே பிடித்து வைத்துவிடும். சிபியு எந்த வேலையில் இருந்தாலும் அளவு கெடாது. ஓர் எண்ணிக்கை 6.67 நானோ வினாடி. கவுன்ட்டர் ஒரு சுற்று முடிக்க 28 வினாடிக்கு மேல் ஆகிறது. அதனால் ஊர்ந்து சுற்றும் மோட்டாரின் ஹால் சென்சாரைக்கூட (காந்தப் புலத்தை வைத்துச் சுழற்சியைக் காட்டும் உணரி) நிம்மதியாக அளக்கலாம்.

மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் இன்வெர்ட்டரின் கேபிள் பக்கத்திலேயே போவதால் ஹால் சிக்னலில் ஸ்பைக் (கண நேர இரைச்சல்) ஏறும். அதை வடிகட்டத்தான் இன்புட் குவாலிஃபிகேஷன். அடுத்தடுத்து எடுக்கும் ஆறு சாம்பிளும் ஒத்துப்போனால்தான் சிக்னல் உள்ளே போகும். சாம்பிள் இடைவெளியைத் தீர்மானிக்கும் பீரியட் எண்ணை 255 என்று வைத்தால் சாம்பிள் இடைவெளி 510 கிளாக். சிக்னல் 17 மைக்ரோ வினாடியாவது நிலையாக நின்றாக வேண்டும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: எத்தனை சாம்பிள் என்பதைப் பின்னுக்குப் பின் மாற்றலாம், இடைவெளி மட்டும் எட்டு பின்களுக்குப் பொது. எங்கள் என்கோடர் (மோட்டார் தண்டின் நிலையைச் சொல்லும் கருவி) ஜிபிஐஓ 20, 21 என்ற பொதுப் பயன்பாட்டுப் பின்களில், ஹால் 24-இல். நல்ல வேளை, இரண்டும் வேறு வேறு எட்டுப் பின் குழு, ஒன்றின் இடைவெளி மற்றதைத் தொடாது. போர்டு வரையும்போதே இதைப் பார்த்துவிடுங்கள், அப்புறம் மாற்ற முடியாது.

ஆபத்து வந்தால் வெளியீட்டை உடனே அணைக்கும் டிரிப் ஸோன் பின்னைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். கரன்ட் எல்லை மீறினால் சொல்லும் ஓவர்கரன்ட் கம்பாரேட்டரை ஜிபிஐஓ 12-இல் கொடுத்திருக்கிறோம். புரோகிராம் பிரேக்பாயின்ட்டில் நின்றிருந்தாலும் கரன்ட் எகிறினால் பிடபிள்யூஎம் (மோட்டாரை ஓட்டும் துடிப்பு சிக்னல்) அணைந்துவிடும். இதனால் காப்பாற்றப்பட்ட ஐஜிபிடிகள் (இன்வெர்ட்டரின் பவர் சுவிட்சுகள்) நிறைய.

குறைகளும் உண்டு. ரீசெட்டில் ஜிபிஐஓ 0 முதல் 11 வரை புல்-அப் (பின்னை உயர் நிலையில் இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) இயங்காது. அங்குள்ள பிடபிள்யூஎம் பின்கள் எந்த நிலையும் இல்லாமல் மிதக்கும். அதனால் ஐஜிபிடியை இயக்கும் கேட் டிரைவரின் இன்புட்டில், தாழ் நிலைக்கு இழுக்கும் புல்-டவுன் ரெசிஸ்டர் கட்டாயம். சிம் லிம் டவரில் சில்லறைக்குக் கிடைப்பதுதான், யோசிக்காமல் போடுங்கள். பின்கள் 3.3 வோல்ட், 5 வோல்ட் தாங்காது. ஹால் சென்சார் ஓப்பன் கலெக்டர் வகை (தாழ் நிலைக்கு மட்டுமே இழுக்கும் வெளியீடு) என்றால் 3.3 வோல்ட்டுக்குப் புல்-அப் கொடுத்தால் போதும்.

பெரிய தலைவலி, இரண்டாவது என்கோடர். அது 24 முதல் 27 வரை உள்ள பின்களைக் கேட்டால், அதே பின்களில் இருக்கும் முதல் நான்கு கேப்சரும் அங்கிருந்து கிளம்ப வேண்டியதுதான். இரட்டை மோட்டார் மேசையில் இதனால் பின் ஒதுக்குவதே பெரும்பாடு. சரி, அடுத்த இரட்டை மேசைக்கு எஃப்28379டி வாங்கப்போகிறோம். அதில் என்கோடருக்கு மூன்று தொகுதி, இன்புட் எக்ஸ்-பார் என்ற உள் இணைப்பு மாற்றி வழியாக எந்த ஜிபிஐஓவையும் கேப்சருக்குத் திருப்பலாம். ஒற்றை மோட்டார் மேசைகளில் 28335-ஐத் தொடுவதாக இல்லை.