எம்.ஆர். திரவத்துக்குச் சிலிக்கா பூச்சா, பாலிமர் பூச்சா?

எம்.ஆர். திரவம் என்பது எண்ணெயில் இரும்புத்தூள் கலந்தது; காந்தப்புலம் பட்டால் கெட்டியாகும். அந்தத் தூளுக்குப் பூச்சு போட்டால் அது அடியில் தங்காது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. கார்பனைல் இரும்பு எனும் நுண்ணிய தூய இரும்புத்தூளில் 5 மைக்ரான் விட்டமுள்ள துகளுக்கு 50 நானோமீட்டர் சிலிக்கா பூசினால் அடர்த்தி (கிராம்/க.செ.மீ.) 7.8-இலிருந்து 7.5-க்குத்தான் இறங்கும். துகளும் சற்றுப் பெருப்பதால், அளவையும் அடர்த்தியையும் வைத்துப் படியும் வேகத்தைச் சொல்லும் ஸ்டோக்ஸ் விதிப்படி அது கிட்டத்தட்ட அதேதான். அரை மைக்ரான் தடிமனில் பி.எம்.எம்.ஏ. எனும் அக்ரிலிக் பாலிமரைப் பூசினால் அடர்த்தி 5 ஆகும். வேகம் 15 சதவீதம் குறையும். ஆனால் கன அளவில் 30 சதவீதம் துகள் போட்டாலும் அதில் இரும்பு 17 சதவீதம்தான். காந்தப்புலத்தில் பிடிமானமும் அதற்கேற்பச் சரியும்.

ஆகவே, படிந்தது திரும்பக் கலைகிறதா என்பதே கேள்வி. பூசாத துகள்கள் நேருக்கு நேர் ஒட்டி, அடியில் கெட்டிக் கட்டியாகிவிடும். சோதனைக்குழாயை ஒரு மாதம் அசைக்காமல் வைத்துவிட்டுக் கண்ணாடிக் கம்பியால் குத்திப் பாருங்கள்: கம்பி இறங்காது. நன்றாகப் பூசியது வண்டல்போல் கிடக்கும். நாலு சுற்றில் கலைந்துவிடும். இரு துகள்களின் பூச்சும் சேர்ந்து இரும்புக்கும் இரும்புக்கும் இடையே 100 நானோமீட்டர் இடைவெளி விழுவதுதான் காரணம். அதற்கு மெல்லிய சிலிக்காவே போதும் என்பதால் என் தேர்வு அதுதான்.

செய்முறை: எத்தனால், கொஞ்சம் நீர், அம்மோனியா கலந்ததில் தூளைப் போட்டு, சிலிக்காவைத் தரும் திரவமான டி.இ.ஓ.எஸ்-ஐச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். காந்தக் கலக்கி உதவாது. தூள் முழுவதும் அதன் காந்தத் துண்டில் அப்பிக்கொள்ளும். துடுப்புக் கலக்கிதான் சரி. டி.இ.ஓ.எஸ்-ஐ அவசரப்பட்டு ஊற்றினால் சிலிக்கா தனி உருண்டைகளாகிவிடும். மேல்நீர் பால்போல் வெளுத்தால் அதுதான் நடந்திருக்கிறது. அடியில் காந்தம் பிடித்து எத்தனாலில் அலசி, வெற்றிடத்தில் 60 டிகிரியில் உலர்த்துங்கள். பிறகு ஒரு சிட்டிகையை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுங்கள். உடனே குமிழி கிளம்பினால் பூச்சில் ஓட்டை.

ஒரு படியை மட்டும் விட்டுவிடக் கூடாது. சிலிக்காவின் மேற்பரப்பு நீரை விரும்புவது. சிலிக்கோன் எண்ணெயில் அப்படியே போட்டால் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து திரளும். எண்ணெயோடு ஒத்துப்போகும் ஆக்டைல் சிலேனால் ஒரு மேற்பூச்சு அவசியம்.

பி.எம்.எம்.ஏ. இரும்பில் தானாக ஒட்டாது, மெத்தாக்ரிலிக் அமிலம் போன்ற அடிப்பூச்சு வேண்டும். சுமார் 105 டிகிரியில் இளகியும்விடும். சூடேறும் டாம்பருக்கு (அதிர்வு தணிப்பானுக்கு) அது ஆகாது. மிதமான வெப்பத்தில், குறைந்த பிடிமானமே போதும் என்ற இடத்தில் தாராளமாகப் போடலாம். நெடுநாள் உராய்வில் எது முதலில் உரியும் என்பதில் மட்டும் அடித்துச் சொல்ல மாட்டேன். ஓடிய திரவத்தில் கொஞ்சம் எடுத்து அதே அமிலச் சோதனையை அவ்வப்போது செய்து பார்ப்பது நல்லது. எடுத்த துகளை முதலில் ஹெக்சேனில் அலசி எண்ணெயைப் போக்கிவிடுங்கள். எண்ணெய்ப் படலம் இருந்தால் ஓட்டை இருந்தாலும் குமிழி வராது.