வளவா, குளியலறைப் பக்கமா? கல்லடி வீட்டுச் சவுனாவுக்கு இடமும் தரையும்

"மட்டக்களப்பில சவுனாவா? முற்றத்துல நின்டா காணாதா?" என்று மேசன் சிரித்தார். சித்திரை வெயிலில் சாந்து குழைக்கிறவர் வேறென்ன சொல்வார்? ஆனால் நோர்வேயில் பல வருடம் இருந்துவிட்ட அத்தானுக்கு, அடுப்பில் கல்லைச் சுடவைத்து வியர்க்க உட்காரும் அந்தச் சூட்டறை கல்லடி வீட்டிலும் வேண்டும் என்று ஒரே பிடி. வேலையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதல் இழுபறி இடத்தைப் பற்றி. அத்தானுக்கு வளவின் மூலையில் தனி மரக்குடில்தான் விருப்பம். "அங்க நோர்வேயில நம்மட பக்கத்து வீட்டுக்காரன் அப்படித்தான் வெச்சிருக்கான் தம்பி" என்றார். குடில் பார்க்க அழகு, ஈரமும் சூடும் வீட்டுக்குள் வராது. ஆனால் நமது மண்ணில் நிலத்தைத் தொட்டு நிற்கும் மரத்துக்குக் கறையான் வர அதிக நாள் ஆகாது. கடற்காற்றின் உப்பு ஆணியையும் பிணைச்சலையும் தின்னும். மார்கழி மழைக்கு மணல் வளவிலும் நீர்மட்டம் மேலே வந்துவிடும். 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குடில் கட்டுவதென்றால் குறைந்தது இரண்டடி உயர்த்திய சீமெந்து மேடையில்தான் கட்ட வேண்டும். விறகு அடுப்பு வைப்பதானால் புகைக்குழாயின் பொறி கிடுகு வேலியில் விழாத தூரமும் வேண்டும். எங்கள் வளவில் மூன்று பக்கமும் கிடுகு!

அக்கா மேல்மாடி அறையைச் சொன்னார். மேலே ஊற்றும் தண்ணீர் கசிந்தால் கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கும், கீழ் அறையின் கூரையும் ஊறும். தலை சுற்றலோடு படி இறங்கி வருவதை நினைத்தாலே போதும், அந்த யோசனையை அங்கேயே விட்டோம்.

நான் நின்றது கீழ்த்தளக் குளியலறையை ஒட்டிய சின்னச் சாமான் அறைக்கு. தண்ணீர், கான் (கழிவுநீர் போகும் வழி), சுவர் எல்லாம் ஏற்கெனவே அங்கே இருந்தன. வெளியே வந்த கையோடு குளிக்கலாம், மயக்கம் வந்தால் கூப்பிடு தூரத்தில் ஆள் இருக்கும். இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்கும் அத்தானுக்கு இது சின்ன விஷயமில்லை. நோர்வேயில் உள்ள வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொன்னேன், கேட்டாராம். குறை என்றால் ஒன்றுதான்: சூட்டோடு ஈரக்காற்று வீட்டுக்குள் பரவும். அதற்கு அடுப்புப் பக்கம் தாழ்வாக ஒரு காற்றுத்துளை, எதிர்ச்சுவரில் வெளியே திறக்கும் இன்னொன்று. கதவு வெளிப்பக்கமாகத் தள்ளினால் திறக்க வேண்டும். பூட்டோ கொண்டியோ கூடவே கூடாது.

மின்சாரம் இடத்தையும் தாண்டிய கணக்கு. ஒரு கன மீற்றருக்கு ஏறக்குறைய ஒரு கிலோவாற் என்பது பொதுவான அளவு. எங்கள் அறை 1.8 மீற்றர் நீளம், 1.5 அகலம், 2.1 உயரம், ஆக 6 கிலோவாற் அடுப்பு. 230 வோல்ற்றில் அது 26 அம்பியர் இழுக்கும். வீட்டு இணைப்பு 30 அம்பியர் ஒற்றைக் கட்டமானால் (சிங்கிள் பேஸ்), சவுனா ஓடும்போது தண்ணீர் மோட்டரைப் போட்டால் கதை முடிந்தது. நாங்கள் மூன்று கட்ட (த்ரீ பேஸ்) இணைப்புக்கு மாறினோம். தனி வயர், தனி ட்ரிப் சுவிட்ச். சாதாரண பீ.வீ.சி. வயரை அந்த அறைக்குள் இழுக்க வேண்டாம், அது தாங்குவது 70 பாகை மட்டும்தான்.

இனித் தரை. எல்லோரும் பயப்படுவது சூட்டுக்கு. ஆனால் சூடு மேலே ஏறிவிடும். மேல் பலகையில் 80 பாகை இருக்கும்போது தரையில் ஏறக்குறைய பாதிதான். கால் சுடாது, வழுக்கும். வியர்வையும் கல்லில் ஊற்றிய தண்ணீரும் தரைக்குத்தானே வருகின்றன.

மினுங்கும் மாபிள் (தரை ஓடு) பற்றி எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. "நல்ல சாமான், வழுக்காது" என்று கடையில் சொன்னதை நம்பி எங்கள் வீட்டுக் குளியலறையில் பதித்தேன். இரண்டாம் கிழமை மாமா விழுந்தார். ஆகவே மாபிள் என்றால் சொரசொரப்பான, சின்னச் சதுரமானவை. இடைவெளிச் சாந்துக் கோடுகளே காலுக்குப் பிடி கொடுக்கும். வினைல் விரிப்பு சூட்டில் இளகி மணக்கும், லமினேற் பலகை ஈரத்தில் உப்பும், கம்பளம் பூஞ்சணத்துக்குப் படுக்கை. இந்த மூன்றையும் கடைக்காரர் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

மாபிளுக்கு உண்மையான போட்டி சீமெந்துத் தரைதான். கீழே நீர்த்தடைப் பூச்சு, மேலே தும்புத்தடியால் கீறி விட்ட சீமெந்து. விலை குறைவு, வெடித்தால் மேசனே திருத்துவார். பார்வைக்கு மாபிள் வெல்லும், நான் சீமெந்துக்கே கை தூக்கினேன். எதைப் போட்டாலும் ஓரடிக்குக் கால் அங்குலம் கான் பக்கம் சரிய வேண்டும். மேசன் ஒரு வாளி தண்ணீரைக் கவிழ்த்து, அதில் தீக்குச்சி ஒன்றைப் போட்டார். குச்சி அடுப்பு வைக்கும் மூலையில் போய் நின்றது. ஒன்றும் பேசாமல் அந்தப் பக்கத்தைக் கொத்தி மறுபடி பூசினார்.

அதன் மேல் கழற்றி எடுக்கக்கூடிய மரச்சட்டங்கள். வெறும் சீமெந்தில் நிற்பதற்கும் இதற்கும் பாதத்துக்குப் பெரிய வித்தியாசம். ஆணித் தலை காலில் படாதபடி ஓடாவி கீழிருந்து முடுக்கினார். வார்னிஷ் பூச வந்தவரை நான்தான் தடுத்தேன், சூட்டில் அந்த நெடியை யார் மூச்சில் இழுப்பது? அடுப்பைச் சுற்றி மட்டும் சட்டம் கிடையாது, வெறும் சீமெந்துதான்.

பிளக்கில் செருகும் அகச்சிவப்புப் பெட்டி ஒன்றையும் பார்த்தோம். 50, 60 பாகைதான், தண்ணீர் ஊற்றுவதில்லை, வழுக்காத சமமான தரை எதுவும் போதும். வாடகை வீட்டுக்காரருக்கு அதுவே சரி. "கல்லுல தண்ணி ஊத்தாம என்ன சவுனா?" என்றார் அத்தான்.

அத்தான் குடும்பம் வருடத்தில் ஒரு மாதம்தான் வரும். மிச்ச நாளில் கான் பொறியில், அதாவது மணத்தை மறிக்கும் வளைகுழாயில், நிற்கும் தண்ணீர் வற்றினால் மணமும் கரப்பானும் மேலே வரும் என்பதால், கிழமைக்கு ஒரு வாளி ஊற்றுவது என் வேலை. சட்டங்களையும் எடுத்துக் கிணற்றடியில் சாய்த்து வெயில் காட்டுவேன். போன கிழமை திரும்பி வந்து பார்த்தால், அம்மா அவற்றைப் படுக்கவைத்து, மேலே பாய் விரித்து மிளகாய் காயப்போட்டிருந்தார்.